வகுப்பு மாறும்போது மொழியும் போகவேண்டுமா?

பினாங்குத் தீவின் சுங்கை பினாங் வட்டாரத்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துக்குப் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்ப்பது பெரிய காரியமில்லை. ஜாலான் சுங்கையில் ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. சற்றுத் தள்ளி ஸ்காட்லாந்து சாலையில் இராமகிருஷ்ணா தமிழ்ப்பள்ளி இருக்கிறது. மலாயாவில் தமிழ்க் கல்விக்குப் பிள்ளையார் சுழி போட்டதே இந்தத் தீவுதான். 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியது. சேர்த்த பிள்ளை இரண்டாம் ஆண்டு முடிந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. முதலில் டியூஷன். பிறகு, 'வளர வளரச் சரியாகிவிடும்' என்ற ஆறுதல். அதன் பிறகு ஒரு நாள் ஆசிரியர் தயங்கித் தயங்கிச் சொல்கிறார்: 'சிறப்புக் கல்வி வகுப்புக்கு மாற்றிப் பார்க்கலாமே.' வீட்டில் அன்றிரவு யாருக்கும் சாப்பாடு இறங்குவதில்லை. பள்ளியை விட்டு எடுப்பதா, இருக்கிற இடத்திலேயே விடுவதா என்று மாதக்கணக்கில் பேச்சு நடக்கிறது. அந்தப் பேச்சில் பெரும்பாலும் வராத ஒரு விஷயம் உண்டு. பினாங்கில் தமிழ்ப்பிள்ளையைப் பொது வகுப்பிலிருந்து எடுப்பது என்றால், பெரும்பாலான நேரங்களில் தமிழிலிருந்தும் எடுப்பதாகவே முடிகிறது. முதலாவது மாற்றம் சில பிள்ளைகளுக்குத் தேவை. அதில் வெட்கப்பட எதுவுமில்லை. இரண்டாவது மாற்றம் எந்தப் பிள்ளைக்கும் மருத்துவக் காரணத்தால் தேவைப்படுவதில்லை. வகுப்புகள் எங்கே திறக்கப்பட்டன என்பதால் மட்டுமே அது நேர்கிறது.

ஏற்பாடு எப்படி இருக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். மலேசிய அரசுப் பள்ளிகளில் சிறப்புத் தேவையுள்ள மாணவருக்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, தனிச் சிறப்புப் பள்ளி. இரண்டாவது, வழக்கமான பள்ளி வளாகத்துக்குள் தனி வகுப்பு. ஒருங்கிணைந்த சிறப்புக் கல்வித் திட்டம் என்று இதற்குப் பெயர், பெற்றோர் வாயில் 'பிபிகேஐ'. மூன்றாவது, மற்ற பிள்ளைகளோடு அதே வகுப்பில் உட்காரவைத்துத் துணையாசிரியர் உதவியோடு கற்பிக்கும் உள்ளடக்கக் கல்வி. 2013இல் வந்த கல்விப் பெருந்திட்டம் 2025க்குள் சிறப்புத் தேவை மாணவர்களில் 75 விழுக்காட்டினரை மூன்றாவது வழிக்குக் கொண்டுவர இலக்கு வைத்தது. அந்தத் திட்டம் எழுதப்பட்ட காலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் இரண்டாவது வழியில், அதாவது பிபிகேஐ வகுப்புகளில் இருந்தார்கள். அந்த வகுப்புகளில் மிகப் பெரும்பாலானவை மலாய்மொழி வழித் தேசியப் பள்ளிகளில் அமைந்தவை. நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தும் பிபிகேஐ உள்ளவை சொற்பம். ஆகவே மூன்றாம் ஆண்டுத் தமிழ்ப் பிள்ளைக்கு உதவி வேண்டுமென்றால், உதவி இருக்கும் கட்டடம் வேறு, தமிழ் இருக்கும் கட்டடம் வேறு.

கற்றல் குறைபாடு என்ற பெயரில் நாம் பலவற்றை ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறோம். சமூக நல இலாகாவின் மாற்றுத்திறனாளி பதிவிலும் 'கற்றல் பிரச்சினை' என்ற ஒரே பிரிவுக்குள் டிஸ்லெக்சியா, ஆட்டிசம், ஏடிஎச்டி, டவுன் சிண்ட்ரோம், அறிவுத்திறன் குறைபாடு எல்லாம் அடங்குகின்றன. நடைமுறையில் ஒரே வகுப்பறையிலும் இவர்கள் சேர்ந்து உட்காரலாம். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு அறிவில் எந்தக் குறையும் இல்லை. கதை சொன்னால் புரிந்துகொள்ளும், கணக்கை வாயால் சொன்னால் போடும், எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் வேலையில் மட்டும் மூளை வேறு பாதையில் போகிறது. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது பாடத்தைக் குறைப்பது அன்று. ஒலி, எழுத்து, சொல் என்று படிப்படியாக, பலமுறை, முறைப்படி கற்றுக்கொடுப்பது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்குப் பாடத்தின் அளவையும் வேகத்தையுமே மாற்றவேண்டும். ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளைக்குப் பாடம் சிக்கலே இல்லாமல், நாற்பது பேரின் இரைச்சல் மட்டும் தாங்கமுடியாததாக இருக்கலாம். ஆகவே 'சிறப்பு வகுப்புக்கு மாற்று' என்ற ஒரே பதில் இவர்கள் மூவருக்கும் பொருந்தாது. யாருக்கு என்ன சிக்கல் என்று முதலில் தெரியவேண்டும்.

அதைக் கண்டுபிடிப்பதிலும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்குத் தனிச் சிரமம் இருக்கிறது. அது ஏழு வயதில் மூன்று மொழிகளை, இரண்டு எழுத்து முறைகளைச் சேர்த்துக் கற்கிறது. ரோமன் வரிசையில் 26 எழுத்துகள், தமிழில் 247. 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காதுக்கு முதலில் 'க்' கேட்கிறது, பிறகு 'ஒ' கேட்கிறது. கண்ணுக்கோ முதலில் ஒற்றைக்கொம்பு, நடுவில் க, கடைசியில் கால். ஒலியின் வரிசையும் எழுத்தின் வரிசையும் ஒத்துப்போகாத இந்த இடத்தில் இயல்பான பிள்ளையே தடுமாறும். ணகர னகரமும், லகர ளகர ழகரமும் அதற்குமேல். நமது எழுத்துமுறைக்கு உறவான கன்னடத்தில் பிள்ளைகள் படிக்கக் கற்பதை ஆய்வு செய்த சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட கட்டுரையில், அட்சரங்களை முழுதாகக் கைவசப்படுத்தப் பல பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை ஆகிறது என்று காட்டினார். எனவே இரண்டாம் ஆண்டில் உயிர்மெய் வரிசை தடுமாறுகிறது என்பதை மட்டும் வைத்து ஒரு பிள்ளைக்கு முத்திரை குத்தக் கூடாது. மறுபுறம், 2010இல் தொடங்கிய லினுஸ் போன்ற சோதனைத் திட்டங்கள் வாசிப்பை அளந்தது மலாயிலும், பின்னர் ஆங்கிலத்திலும். வீட்டில் மலாய் பேசாத பிள்ளை அதில் தோற்றால், வாசிப்புச் சிக்கலால் தோற்றதா, மொழி தெரியாமல் தோற்றதா என்று எப்படிப் பிரிப்பது? வீட்டு மொழியிலும் சோதித்துப் பார்க்காத வரை பிரிக்கமுடியாது. நல்ல அறிகுறி எதுவென்றால் காலப்போக்குதான். குறைநீக்கல் வகுப்பில் முறையாகச் சொல்லிக்கொடுத்து ஆறு மாதம் ஆகியும், எல்லா மொழிகளிலும், சொல்லை ஒலிகளாகப் பிரிக்கவே வரவில்லை என்றால், 'வளர வளரச் சரியாகிவிடும்' என்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போகவேண்டும். ஜாலான் பேராக் அரசு சுகாதார மருந்தகத்திலிருந்து பினாங்கு பொது மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கலாம். காத்திருக்கும் காலம் எவ்வளவானாலும் அந்த வரிசையில் சீக்கிரம் நிற்பது நல்லது.

எடுக்காமல் விட்டால் என்ன ஆகிறது என்பதையும் நேராகப் பார்க்கவேண்டும். குறைநீக்கல் வகுப்பு பொதுவாக முதல் மூன்று ஆண்டுகளுக்குத்தான். நான்காம் ஆண்டில் பாடநூல் தடிக்கிறது. அதுவரை படிக்கக் கற்ற பிள்ளைகள் இனிப் படித்துக் கற்கவேண்டும். படிக்கத் தெரியாத பிள்ளைக்கு அறிவியலும் வரலாறும் சேர்த்தே மூடிக்கொள்கின்றன. 2021இல் யுபிஎஸ்ஆர் தேர்வு ரத்தானது பிள்ளைகளின் நெஞ்சுப் பாரத்தைக் குறைத்தது. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் ஆறாண்டு முடிவில் பிள்ளைக்குப் படிக்க வருகிறதா என்று வீட்டுக்கு வெளிப்படையாகச் சொல்லிய ஒரு மணியும் அதோடு நின்றுவிட்டது. இப்போது ஒரு பிள்ளை கரும்பலகையைப் பார்த்து அழகாக நகல் எடுத்துக்கொண்டே, ஒரு வரி வாசிக்கத் தெரியாமல், இடைநிலைப்பள்ளிப் புகுமுக வகுப்பு வரை போய்ச் சேரமுடியும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பிள்ளை பள்ளியில் இருப்பதாகக் கணக்கு. கல்வியிலிருந்து அதை எப்போதோ எடுத்தாயிற்று. யாரும் கையெழுத்துப் போடவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் எடுத்துவிடுவதே நல்லதா? ஆராய்ச்சி இங்கே எளிய பதில் தர மறுக்கிறது. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைப் பொது வகுப்பில் வைப்பதால் படிப்பும் மனநலமும் கூடுகிறதா, குறைகிறதா என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து டால்கார்ட் குழுவினர் 2022இல் காம்பெல் அமைப்பின் வழியாக ஒரு மதிப்பாய்வு வெளியிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்பதே அவர்கள் கண்டது. சில பிள்ளைகள் பொது வகுப்பில் செழித்தார்கள், சிலர் தனி வகுப்பில். எந்தக் கதவு வழியாகப் போனார்கள் என்பதைவிட, உள்ளே யார், என்ன, எப்படிச் சொல்லிக்கொடுத்தார் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். இத்தாலி 1977லேயே சட்டம் போட்டுச் சிறப்பு வகுப்புகளைக் கலைத்துவிட்டது. ஆனால் அதோடு பொது வகுப்புகளுக்குத் துணையாசிரியர்களையும் அனுப்பியது. இங்கே உள்ளடக்கக் கல்வியை வலியுறுத்துவோர் முதல் பாதியை மட்டும் சொல்லும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. துணையாசிரியர் இல்லாத வகுப்பில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு அதற்கு உள்ளடக்கம் என்று பெயர் வைத்தால், கடைசி வரிசை நாற்காலிக்குப் புதுப் பெயர் கிடைத்தது என்பதற்குமேல் ஒன்றுமில்லை.

தனியாகப் பிரிப்பது எப்போதுமே இழப்புதான் என்பதையும் பினாங்கின் வரலாறு ஏற்கவில்லை. 1954இல் தஞ்சோங் பூங்காவில் செவித்திறன் இல்லாத பிள்ளைகளுக்கான கூட்டரசுப் பள்ளி தொடங்கியது. ஆசிரியர்கள் உதட்டசைவையும் பேச்சையும் வகுப்பில் பழக்கினார்கள். பிள்ளைகளோ வகுப்புக்கு வெளியே, விடுதியில், தங்களுக்குள் கையால் பேசிப் பேசி ஒரு முழு மொழியையே உருவாக்கினார்கள். பினாங்கு சைகை மொழி என்று மொழியியலாளர்கள் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். தனித்தனியே வீடுகளில் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு மொழி கிடைத்திருக்காது. தங்களைப் போன்றவர்கள் பலர் ஒரே இடத்தில் கூடியதால் பிறந்த மொழி அது. சிறப்புப் பள்ளியின் மிகப் பெரிய பலம் இதுதான் என்று நினைக்கிறேன்: பிள்ளைக்கு எட்டக்கூடிய மொழியில் பேச ஆள் இருப்பது. அதே அளவுகோலை வைத்து இன்றைய தமிழ்ப் பிள்ளையின் நிலைமையை அளந்தால் குறை பளிச்சென்று தெரிகிறது. உதவி தேடிப் போகும் புதிய வகுப்பில் அந்தப் பிள்ளைக்கு மிக எளிதில் எட்டும் மொழியைப் பேச ஆசிரியரோ துணையாளரோ பெரும்பாலும் இருக்கமாட்டார்.

எடுப்பது என்றாலே நிரந்தரமாக எடுப்பது என்று நினைக்கவும் தேவையில்லை. சென்னையில் 1990களின் தொடக்கத்திலிருந்து இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் தன் அனன்யா மையத்தில் பிள்ளைகளைக் குறிப்பிட்ட காலம் முழுநேரமாக வைத்துப் பயிற்சி கொடுத்துப் பொதுப் பள்ளிக்கே திருப்பி அனுப்புகிறது. மலேசிய டிஸ்லெக்சியா சங்கமும் சில மாதத் தீவிரப் பயிற்சிக்குப் பின் பிள்ளையைப் பழைய பள்ளிக்கு அனுப்பும் முறையைக் கையாண்டு வருகிறது. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு இந்த வழியே சரியானது என்பது என் கருத்து: உள்ளே போகும்போதே வெளியே வரும் நாளைப் பேசிவைத்துக்கொண்டு போவது. மலேசியச் சட்டமும் இதற்கு இடம் தருகிறது. 2013ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி ஒழுங்குவிதிகளின்படி, பிள்ளைக்கு ஒரு வகுப்பு பொருந்துகிறதா என்று பார்க்க மூன்று மாதத்துக்கு மேற்படாத சோதனைக் காலம் உண்டு. அந்த மூன்று மாதத்தைப் பெற்றோர் சும்மா கடத்திவிடக் கூடாது. தொடக்கத்தில் பிள்ளைக்கு எத்தனை எழுத்து தெரியும், எத்தனை சொல் வாசிக்கும் என்று எழுதிவைத்து, முடிவில் அதே ஏட்டை எடுத்துப் பார்த்தால், மாற்றம் பலன் தந்ததா என்று யாரையும் கேட்கவேண்டியதில்லை. அறிவுத்திறன் குறைபாடு அதிகமுள்ள பிள்ளைக்கு நிலைமை வேறு. அதற்குப் பொது வகுப்புக்குத் திரும்புவதைவிட, தானே உடுத்த, பணம் எண்ண, பேருந்து ஏற, ஒரு வேலை பழகக் கற்பது முக்கியம். அந்தப் பிள்ளையைப் பொதுப் பாடத்திட்டத்தில் பிடித்து வைப்பது பெற்றோரின் ஆசையை மட்டுமே நிறைவேற்றும்.

இப்போது மொழிக்கு வருவோம். மாற்றத்தின்போது பல பெற்றோருக்குச் சொல்லப்படும் அறிவுரை: 'ஏற்கெனவே சிரமப்படுகிற பிள்ளை, வீட்டிலும் ஒரே மொழியில் பேசுங்கள், மலாயோ ஆங்கிலமோ போதும்.' நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதுதான். ஆனால் சான்று இதற்கு எதிராக இருக்கிறது. கனடாவில் கே-ரெயினிங் பர்டும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், இரு மொழிச் சூழலில் வளரும் டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளின் ஆங்கிலம், ஒரு மொழி மட்டும் கேட்டு வளரும் அதே நிலைப் பிள்ளைகளின் ஆங்கிலத்தைவிடக் குறைந்துவிடவில்லை என்று தெரிந்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பற்றிய பின்னாளைய ஆய்வுகளும் பொதுவாக இதே பக்கம்தான் சாய்கின்றன. இரண்டாவது மொழி முதல் மொழியின் இடத்தைப் பறிப்பதில்லை. தமிழை நிறுத்தினால் பிள்ளைக்கு மலாய் வேகமாக வந்துவிடாது. பாட்டியோடு பேசும் பேச்சு மட்டும் நின்றுபோகும். அம்மாவுக்கு மலாய் தடுமாற்றம் என்றால், அந்தத் தடுமாற்ற மலாயே பிள்ளை வீட்டில் கேட்கும் மொழி ஆகிவிடும். பேச்சில் பின்தங்கிய பிள்ளைக்கு அதைவிட மோசமான மருந்து வேறில்லை.

இதற்கு வரும் மறுப்பு ஒன்று கனமானது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளை எப்படியும் ஏழாவது ஆண்டில் மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குத்தான் போகிறது. வேலைக்கும் மலாய்தான் வேண்டும். பின் ஏன் சிரமப்படும் பிள்ளைக்குத் தமிழ்வழிச் சிறப்பு வகுப்பு கேட்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். மலாய் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தமிழ்ப்பள்ளியில் பிபிகேஐ இருந்தாலும் மலாய் கட்டாயம் கற்பிக்கப்படும். ஆனால் ஒலியைப் பிரித்துக் கேட்கக் கற்பது, எழுத்து என்றால் ஒலி என்று முதன்முதலில் உறைப்பது, இவை பிள்ளை நன்றாகப் பேசும் மொழியில்தான் சுலபம். ஒரு மொழியில் அது பிடிபட்டால், எழுத்தும் ஒலியும் ஒத்துப்போகும் மலாய்க்கு அந்தத் திறன் எளிதில் இடம் மாறும். தெரியாத மொழியில் தெரியாத திறனைத் தொடங்குவது இரட்டைச் சுமை. தமிழ்நாட்டில்கூட டிஸ்லெக்சியா மாணவருக்குத் தேர்வில் ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு உண்டு. சுமையைக் குறைக்கும் நல்ல சலுகைதான், ஆனால் அங்கே தமிழ் தெருவில் இருக்கிறது. பிள்ளை எழுதாவிட்டாலும் காதில் விழும். ஜார்ஜ்டவுன் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளரும் பிள்ளைக்குத் தமிழ் வீட்டிலும் பள்ளியிலும் கோயிலிலும் மட்டுமே கிடைக்கிறது. அதில் ஒன்று போனால் மூன்றில் ஒரு பங்கு போகிறது.

இன்னொரு மறுப்பை யாரும் உரக்கச் சொல்வதில்லை. ஆனால் முடிவு எடுப்பது பெரும்பாலும் அதுதான். சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள், மாற்றுத்திறனாளிக்கான ஓகேயு கார்டு எடுத்தால் பிள்ளையின் எதிர்காலம் என்ன, நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வந்தால் என்ன சொல்வது? இந்தப் பயத்தை அற்பம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. சின்னச் சமூகத்தில் பேச்சு பரவும், அது வலிக்கும். ஆனால் எடைபோட்டுப் பார்க்கவேண்டும். பதிவு செய்வதால் பிள்ளைக்குச் சிறப்பு வகுப்பின் கதவு திறக்கிறது. சிறப்புக் கல்வி மாணவருக்கான மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை கிடைக்கிறது. பின்னாளில் தேர்வுச் சலுகையும் கேட்கலாம். மறைப்பதால் கிடைப்பது சில ஆண்டு அமைதி. மக்கு, சோம்பேறி என்ற பெயர் எந்தக் கார்டும் இல்லாமலேயே பிள்ளைக்கு வந்துவிடுகிறது. டிஸ்லெக்சியா என்ற பெயர் அதைவிட மரியாதையானது, உண்மையானதும்கூட.

சட்டம் பற்றியும் சிலவற்றைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 2003 முதல் மலேசியாவில் தொடக்கக் கல்வி கட்டாயம். பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுத்து வீட்டில் வைத்துக்கொண்டால், கல்வி அமைச்சின் விலக்கு இல்லாத பட்சத்தில், 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆகவே கோபத்தில் பிள்ளையை நிறுத்திவிடக் கூடாது. ஓரிடத்தில் இடம் உறுதியான பிறகே மற்ற இடத்திலிருந்து எடுக்கவேண்டும். மறுபக்கத்தில், குறைபாட்டைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் பொதுக் கல்வியிலிருந்து ஒதுக்கக் கூடாது என்று 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொல்கிறது. 2019 முதல் யாரையும் திருப்பி அனுப்பாத கொள்கையும் நடப்பில் இருக்கிறது. 'எங்களால் முடியாது, வேறு பள்ளி பாருங்கள்' என்று யாராவது வாய்மொழியாகச் சொன்னால், அதைக் கடிதமாகத் தரும்படி பெற்றோர் கேட்கலாம். பெரும்பாலும் கடிதம் வராது. பேச்சின் தொனி மாறும்.

தமிழ்ப்பள்ளிகளில் போதிய சிறப்பு வகுப்புகள் வரும் வரையிலான இடைப்பட்ட காலத்தில், பிள்ளை மலாய்வழிச் சிறப்பு வகுப்புக்குப் போயே தீரவேண்டிய குடும்பங்கள் பல. போகட்டும், உதவி கிடைக்கும் இடத்துக்குப் போகாமல் இருப்பது தமிழுக்குச் செய்யும் தொண்டாகாது. வீட்டில் தமிழ் நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும். எழுத்துப் பயிற்சி என்று அடித்து உட்காரவைக்க வேண்டாம். கதை சொல்வது, 'பட்டம் என்பதில் முதல் சத்தம் என்ன' என்று விளையாட்டாகக் கேட்பது, வாரம் ஓர் எழுத்து, சனிக்கிழமை கோயில் வகுப்பு இருந்தால் அதில் தேர்வில்லாமல் உட்காரவைப்பது, இவையே போதுமானவை. பள்ளி மாறியதால் பழைய நண்பர்கள் போய்விடக் கூடாது என்பதும் முக்கியம்; தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்கும் பொங்கல் விழாவுக்கும் அந்தப் பிள்ளையையும் கூப்பிடத் தலைமையாசிரியருக்கு எந்தச் சுற்றறிக்கையும் தடையில்லை.

தமிழ்ப்பள்ளிகளில் ஏன் பிபிகேஐ வகுப்பு சொற்பம் என்று கேட்டால், தேவையான எண்ணிக்கையில் மாணவர் இல்லை, அறை இல்லை, தமிழ் தெரிந்த சிறப்புக் கல்வி ஆசிரியர் இல்லை என்று பதில் வரும். அறைக் காரணம் பல பள்ளிகளில் வலுவிழந்துவிட்டது. மாணவர் சேர்க்கை குறைந்து வரும் தமிழ்ப்பள்ளிகள் பினாங்கிலும் உண்டு, அங்கே அறைகள் சும்மா கிடக்கின்றன. ஆசிரியர் காரணத்துக்கு ஆசிரியர் பயிற்சிக் கழகங்கள்தான் பதில் சொல்லவேண்டும். இடம் உறுதியாக இருந்தால் படிக்க முன்வருவோர் இருப்பார்கள். எண்ணிக்கைக் காரணத்துக்கு மட்டும் நாமே பதில் சொல்லவேண்டியிருக்கிறது. வெட்கத்தால் பரிசோதனைக்குப் போகாத பிள்ளை எந்தக் கணக்கிலும் வருவதில்லை. பரிசோதித்து வேறு பள்ளிக்குப் போன பிள்ளை அந்தப் பள்ளியின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. இரண்டு வகையிலும் தமிழ்ப்பள்ளியின் கோப்பில் தேவை பூஜ்யமாகவே தெரிகிறது, மாநிலக் கல்வி இலாகாவும் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தே முடிவெடுக்கிறது. ஆகவே பினாங்கின் வடகிழக்கு மாவட்டத்தில் இருக்கும் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் தனித்தனியே கேட்காமல், தங்கள் பள்ளிகளில் இப்போது படிக்கும் பிள்ளைகளையும் அண்மை ஆண்டுகளில் வெளியேறிய பிள்ளைகளையும் பெயர் வெளியிடாமல் சேர்த்து எண்ணி, எல்லோருக்கும் போய்வர வசதியான ஒரு பள்ளியைக் குறிப்பிட்டு, அங்கே ஒரு வகுப்பு திறக்கக் கூட்டாக மனு கொடுக்கலாம். முதல் மனுவில் வகுப்பு கிடைக்காமல் போகலாம். அதற்குப்பின் இலாகாவின் கோப்பில் பூஜ்யம் இருக்காது.